பத்திரம் உங்கள் பெயரில், பட்டா இன்னும் விற்றவர் பெயரில்

தமிழ்நாட்டில் மனையோ தனி வீடோ வாங்குகிறவர்கள் பத்திரம் பதிவான அன்றே வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பதிவுத்துறையில் முடிந்திருக்கலாம், வருவாய்த்துறையில் பல பேருக்கு அன்றுதான் தொடங்குகிறது. பட்டாவுக்கு 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் இருக்கிறது. அதன் வரலாறு இங்கே வேண்டாம், பட்டாவில் பெயர் மாற்றக் கொடுக்கும் மனு எங்கே சிக்குகிறது என்பதைப் பார்ப்போம்.

“பட்டா தானாவே மாறிடும்” என்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. விற்றவர் பெயரிலேயே பட்டா இருந்து, அந்தப் புல எண்ணில் (சர்வே எண்) உள்ள இடம் முழுவதையும் அவர் விற்றிருந்தால் மாறும். பட்டா அவருடைய இறந்துபோன அப்பா பெயரில் கிடந்தால் மாறாது. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பாகப்பிரிவினை என்று நடுவில் விடுபட்ட ஒவ்வொரு தாளையும் நீங்கள்தான் தேடி அலைய வேண்டும். பணம் முழுவதையும் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகை, உரிமையாளர் விவரம் உள்ள கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுத்துப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பட்டாவில் விற்பவர் பெயர் இல்லையென்றால், முதலில் அவர் பெயருக்கு மாற்றிக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதும் போதாது. பதிவான ஆவணம்தான் அதில் வரும். பதியாத உயில், வாயால் பேசிய பாகப்பிரிவினை, வாரிசுகளுக்குள் இருக்கும் சண்டை எதுவும் அதில் தெரியாது. அ-பதிவேட்டில் ‘புறம்போக்கு’ என்றோ கோயில் பெயரோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அதிகம் பேர் ஏமாறுவது உட்பிரிவில்தான். புல எண் 112/3-இல் 20 சென்ட் இருக்கிறது, அதில் 5 சென்ட் மட்டும் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நில அளவர் வந்து அளந்து, 112/3ஏ, 112/3பி என்று பிரித்தால்தான் உங்களுக்குத் தனிப்பட்டா. அப்படி இருக்க, மனு போடும்போது ‘உட்பிரிவு இல்லாத இனம்’ என்று தட்டிவிடுகிறார்கள். அது சீக்கிரம் முடியும், அளவரும் வர வேண்டியதில்லை. விற்றவர் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் ஏறி, 20 சென்ட்டுக்கும் சேர்த்து ஒரு கூட்டுப் பட்டா கையில் வரும். வாங்கியவருக்குச் சந்தோஷம். வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் உங்கள் 5 சென்ட் எந்த மூலையில் இருக்கிறது என்று அந்தப் பட்டா எங்குமே சொல்லவில்லை என்பது தெரியவரும்.

மனுவை இ-சேவை மையத்திலோ, தமிழ்நிலம் தளத்தில் நீங்களாகவோ போடலாம். மையத்தில் சேவைக் கட்டணம் 60 ரூபாய். உட்பிரிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதைப் பதிவின்போதே கட்டியிருந்தால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். ‘சமர்ப்பி’ அழுத்துவதற்கு முன் திரையில் எந்த இனம் தேர்வாகியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

உட்பிரிவு இல்லாததற்கு 15 நாள், உள்ளதற்கு 30 நாள் என்பது அரசே சொன்ன கெடு. நடப்பு வேறு. கிராம நிர்வாக அலுவலர் அளவரைப் பார்க்கச் சொல்வார், அளவர் எல்லைக் கல் இல்லை என்பார், வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘கோப்பு இன்னும் வரவில்லை’ என்பார்கள். யார் மேசையில் மனு இருக்கிறது என்பதை ஒப்புகைச் சீட்டில் உள்ள மனு எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள், வெறுங்கையோடு போய்க் கேட்டால் அடுத்த அறையைக் காட்டுவார்கள். அளவர் வரும் நாளில் நான்கு மூலையிலும் கல் தெரிய வேண்டும். பக்கத்து மனைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கெடு தாண்டினால் முதலமைச்சரின் உதவி எண்ணான 1100-க்குப் புகார் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, கோப்பு எந்தத் தேதியிலிருந்து யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நீளமாக எழுதினால் பதிலும் சுற்றி வளைத்தே வரும்.

மனு ஒற்றை வரியில் நிராகரிக்கப்படுவது சகஜம். பெரும்பாலும் பரப்புக் குழப்பம் காரணமாக இருக்கும். பத்திரம் சதுர அடியில், பட்டா ஹெக்டேர்–ஏரில் (ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர்). 2,400 சதுர அடி என்பது சுமார் 5.51 சென்ட், அதாவது 2.23 ஏர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எழுதிய பத்திரங்கள் ஏராளம். இன்னொரு காரணம், பத்திரத்தில் பழைய புல எண் மட்டும் இருப்பது. பத்திர எழுத்தர் முந்தைய பத்திரத்தை அப்படியே பார்த்து எழுதியிருப்பார். வரைவிலேயே பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பதிவான பிறகு என்றால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

காரணம் தெரியாமல் அதே மனுவைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், அதே பதில்தான் வரும். நிராகரித்த உத்தரவின் நகலை வாங்குங்கள். காரணம் தவறு என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் அதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்கியவர்களுக்கு இருப்பது நிலத்தில் பிரிபடாத பங்கு. அளந்து பிரிக்க அங்கே எதுவும் இல்லை. “தனிப்பட்டா வாங்கித் தர்றேன்” என்று பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள்.

பட்டா வந்ததும் பெயர், தந்தை பெயர், உட்பிரிவு எண், பரப்பு நான்கையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். எழுத்து மாறியிருந்தால் அந்த வாரமே திருத்த மனு கொடுங்கள். சொத்து வரி, மின் இணைப்பு இரண்டிலும் பெயர் தானாக மாறாது, அதற்குத் தனித்தனியாக மனு போட வேண்டும்.