லீடு ஏறினால் இரைச்சல் இறங்குவது ஏன்?

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. உறுமி மேளப் பாட்டு ஒன்றுக்குக் கணினி சிந்தசைசரில் (மின்னணு ஒலி உருவாக்கியில்) கரகரப்பான லீடு, அதாவது முன்னணி மெட்டு, வாசிக்கிறாராம். மேல் ஸ்தாயியில் 1,760 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பிடித்தால் அடியில் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. பழைய வீட்டு வயரிங் என்று நினைத்து எர்த்தும் கேபிளும் மாற்றியாயிற்று, போகவில்லை.

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளை கெட்டால் 100 ஹெர்ட்ஸில் இரையும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் பாட்டை வேவ் கோப்பாக்கி வேறு வீட்டில் போட்டுக் கேட்டாலும் இரைகிறது என்றால் கோளாறு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. தங்கமுலாம் கேபிளுக்குக் காசைக் கொட்டுவது மந்திரித்த கயிறு கட்டுவது போலத்தான்.

லீடுக்குக் கரகரப்பைத் தருவது டிஸ்டார்ஷன் என்னும் ஒலிச்சிதைப்பு. இங்கே அது ஒலி அலையின் மேல் முனையையும் கீழ் முனையையும் சமமாக வெட்டுகிறது. வெட்டுப்பட்ட அலையில் சுரத்தின் அதிர்வெண்ணுக்கு 3, 5, 7 என ஒற்றைப்படை மடங்குகள் முளைக்கும், கரகரப்பு அதுதான். எஸ்.பி.எம். (பள்ளியிறுதித் தேர்வு) இயற்பியல் போதும், மேலே போவோம்.

ஒலி அலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுக்கும் ஒலிக்கோப்பில் அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரைதான் இடம். அதைத் தாண்டுவது அழியாது, காகிதம் மடிவதுபோல் கீழே மடங்கித் திரும்பும்; 44,100-இலிருந்து அதைக் கழித்தால் வருவதே அது விழும் இடம். 1,760-இன் 15-ஆம் மடங்கு 26,400; மடங்கி 17,700-இல் விழுந்து சுருதியோடு ஒட்டாமல் தகரம்போல் ஒலிக்கும். 25-ஆம் மடங்கு 44,000. 44,100-இலிருந்து கழியுங்கள்: சரியாக 100 ஹெர்ட்ஸ்! கேபிள்மேல் பழி விழாமல் என்ன செய்யும்?

இப்போது பிட்ச் பெண்டை (சுருதியை வளைக்கும் சக்கரத்தை) லேசாக ஏற்றி 1,761 ஆக்குங்கள். 25-ஆம் மடங்கு 44,025 ஆகும், இரைச்சல் 75-க்கு இறங்கும். லீடு ஒரு ஹெர்ட்ஸ் ஏறினால் இரைச்சல் 25 ஹெர்ட்ஸ் சரிகிறது. 1,764-இல் சுழியம், அதற்கப்புறம் மறுபடி ஏறும். மின்சார இரைச்சலுக்கு இந்த ஆட்டம் தெரியாது.

மருந்து ஓவர்சாம்பிளிங், அதாவது வெட்டும் வேளையில் மட்டும் மாதிரிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது. 4 மடங்கு வைத்தால் வெட்டு 176,400 மாதிரியில் நடக்கும். 44,000 அங்கே மடங்காமல் நிற்கும். வடிகட்டி அதை நீக்கிய பிறகே 44,100-க்கு இறங்கும். இறங்கிய பிறகு வடிகட்டிப் பயனில்லை. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் இரைச்சல் போகும், 17,700-இன் தகரச் சத்தம் போகாது. வாசிக்கும்போது 2 மடங்கு போதும், கணினி திணறாது; கோப்பாக்கும்போது 8 மடங்குக்கு ஏற்றலாம்.

55 ஹெர்ட்ஸ் பேஸுக்கு இந்தத் தொல்லை குறைவு: மடங்குவது 401-ஆம் மடங்கிலிருந்துதான், அதற்குள் பலம் போய்விடும். இன்னொன்று, டிஸ்டார்ஷன் தனி பிளக்-இன் (சிந்தசைசருக்கு வெளியே சேர்க்கும் துணை மென்பொருள்) என்றால் ஓவர்சாம்பிளிங்கை அதில்தான் போட வேண்டும். சிந்தசைசரில் மட்டும் போட்டால் இரைச்சல் அப்படியே இருக்கும்.