ராணுவச் சோதனைக்கு அழைப்பு வந்தால் அது ஆர்டர் அல்ல

2025 மே மாதம் எல்லையில் ட்ரோன்கள் பறந்துகொண்டிருந்த நாட்களில், கோவையில் லேத் பட்டறை நடத்தும் என் நண்பர் ஒருவர், ட்ரோனின் ரேடியோ அலையைக் கண்டறியும் கருவியைச் செய்து முடித்து, பிறகு ராணுவம் அழைத்த சோதனைக்காக அதைத் துணியில் சுற்றிக்கொண்டு ராஜஸ்தானுக்கு ரயிலேறினார். பார்த்த அதிகாரி மனம் திறந்து பாராட்டினார். அதை நம்பி மனைவியின் வளையல்களை அடகு வைத்து 40 கருவிகளுக்கான உதிரிபாகங்களை வாங்கிப் போட்டார். அவை இன்னும் பட்டறை அலமாரியில்தான் இருக்கின்றன.

அழைப்புக் கடிதத்தில் ‘நோ காஸ்ட் நோ கமிட்மென்ட்’ என்று இருந்ததை அவருக்கு யாரும் விளக்கவில்லை. பயணமும் பழுதும் உங்கள் செலவு, கருவி தேறினாலும் வாங்கும் கடமை ராணுவத்துக்கு இல்லை என்பதே அதன் பொருள். போர்ச்சூழலில் அறிவிக்கப்படும் அவசரக் கொள்முதலும் உடனே தரக்கூடிய ஆயத்தப் பொருளுக்கானது; ஒற்றை மாதிரியோடு நிற்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

அவருக்கு உரிய வழி, 2018இல் சென்னை அருகே திருவிடந்தையில் தொடங்கப்பட்ட ஐடெக்ஸ் திட்டம்; பாதுகாப்புத் துறைக்கான புதுக் கருவிகளை உருவாக்குவோருக்கு மத்திய அரசு நிதி தரும் திட்டம் அது. மாதிரி உருவாக்க 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் உங்கள் பங்கையும் போட வேண்டும். பணம் தவணையாகவே வரும், ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துக் காட்டிய பிறகே அடுத்தது. பலர் தடுக்கி விழுவது தகுதியில்தான். இதில் ஸ்டார்ட்அப்பாக விண்ணப்பிக்க, மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும். சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழை மட்டும் வைத்திருக்கும், ஒருவரே உரிமையாளரான பட்டறைக்கு அந்த அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) அல்லது பதிவுபெற்ற கூட்டாண்மையாக இருக்க வேண்டும். உத்யம் பதிவுக்கும் அங்கீகாரத்துக்கும் அரசு கட்டணம் வாங்குவதில்லை என்பதால், பணம் கேட்கும் தரகரைத் திருப்பி அனுப்புங்கள்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கருவியின் வேலையை விளக்கும் வீடியோவை யூடியூபில் போடாதீர்கள், காப்புரிமைக்குத் தேவையான ‘புதுமை’ போய்விடும். இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் கடக்காமல், அனுமதியும் பெறாமல் வெளிநாட்டில் விண்ணப்பிப்பது காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவை மீறுவதாகும். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

பாராட்டிய அதிகாரி மாற்றலாகிப் போனதும், அடுத்து வந்தவர் என் நண்பரிடம் எல்லாத் தாள்களையும் முதலிலிருந்து கேட்டார். ஆகவே ஒவ்வொரு சந்திப்பு முடிந்த அன்று மாலையே, யார் பார்த்தார்கள், எந்த மாற்றத்தைக் கேட்டார்கள் என்று அந்த அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு எழுதி, வரும் பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.