சூடான ஹப், சில்லுன்னு தண்ணி: படகு டிரெய்லர் பேரிங் ஏன் சீக்கிரம் போகுது?

அமெரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் லீவு நாள்னா கார் பின்னாடி டிரெய்லர்ல படகை ஏத்திக்கிட்டு ஏரிக்கோ கடலுக்கோ கெளம்பிடுவாங்க. ரோட்டோரமா படகு பளபளன்னு நிக்கும், டிரெய்லர் மட்டும் ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கும், பக்கத்துல போய் பாத்தா பாதி நேரம் பேரிங்தான் காலி.

சக்கரத்துக்கு நடுவுல இருக்கற ஹப்புக்குள்ள ரெண்டு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும், உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு. உருளை நேரா இல்லாம கூம்பு மாதிரி சாய்வா இருக்கறதால மேல இருந்து வர்ற எடையையும் வளைவுல பக்கவாட்டுல தள்ளுற விசையையும் சேத்தே தாங்கும். ஹென்றி டிம்கன் 1898ல பேட்டன்ட் வாங்கினப்போ அவர் மனசுல இருந்தது குதிரை வண்டி. நம்மூர் சைக்கிள் கடையில ஓவராயில் பண்றப்போ சொல்ற அதே கப்பு (வெளி வளையம்), கோனுதான் (உள் வளையம்), பால்ஸ் இருக்கற எடத்துல ரோலர்.

சரி, ஏன் படகு டிரெய்லருக்கு மட்டும் இவ்ளோ தொல்லை? படகை மிதக்க விட டிரெய்லரையே தண்ணிக்குள்ள இறக்குவாங்க, சக்கரம் முங்குதுல்ல, அதான்னு தோணும். அது பாதி பதில். சூடா சோத்தைப் போட்டு எவர்சில்வர் டப்பாவை இறுக்கி மூடினா ஆறினப்புறம் மூடி திறக்க வராதே, ஹப்லயும் அதே கதைதான். ரெண்டு மணி நேரம் ஓடின ஹப் 60 டிகிரி சூட்ல இருக்குன்னு வைங்க, அதை அப்படியே ரிவர்ஸ் எடுத்து 20 டிகிரி தண்ணியில இறக்கினா உள்ள இருக்கற காத்தோட பிரஷர் 12 சதவீதம் கொறையும். அரை மீட்டர் ஆழத்துல தண்ணி வெளிய இருந்து கூடுதலா அழுத்தறது காத்தழுத்தத்துல வெறும் 5 சதவீதம் தான். அதாவது தண்ணி உள்ள தள்ளுறதை விட ஹப் தானா உறிஞ்சறது ரெண்டு மடங்குக்கு மேல! பின்னாடி இருக்கற ரப்பர் சீலோட உதடு கொஞ்சம் தேஞ்சிருந்தா போச்சு.

உள்ள வந்த தண்ணி கிரீஸோட கலந்து மோர் மாதிரி வெளுத்துடும், அதுக்கு மேல ரோலருக்கும் கப்புக்கும் நடுவுல நிக்கற எண்ணெய்ப் படலம் ஒழுங்கா நிக்காது. ஆனா உண்மையான சேதம் வண்டி ஓடறப்போ இல்லீங்க, ஷெட்ல ஒரு மாசம் சும்மா நிக்கறப்போ தான் நடக்குது, ஒவ்வொரு ரோலரும் கப்பைத் தொடுற எடத்துல கோடு கோடா துரு பிடிக்கும், உப்புத்தண்ணியா இருந்தா சொல்லவே வேணாம். அடுத்த ட்ரிப்ல அந்தக் குழி மேல ரோலர் ஓடும், உலோகம் செதில் செதிலா உரியும், சூடு ஏறும், கிரீஸ் உருகி ஓடும். சின்ன சக்கரம் வேற, 52 சென்டிமீட்டர் விட்டம்னா 80 கிலோமீட்டர் வேகத்துல நிமிஷத்துக்கு 800 சுத்து. கடைசியா பேரிங் ஸ்பிண்டிலோட (அது மாட்டியிருக்கற அச்சு முனை) ஒட்டிக்கும், இல்லைன்னா சக்கரம் கழண்டு தனியா போயிடும்.

இதுக்குன்னே பேரிங் பட்டினு ஒரு மூடி விக்கறாங்க, உள்ள ஸ்பிரிங் வெச்ச பிஸ்டன் கிரீஸை சுமார் 3 பிஎஸ்ஐல, அதாவது காத்தழுத்தத்துல சுமார் 20 சதவீதம், அழுத்திக்கிட்டே இருக்கும், மேல சொன்ன உறிஞ்சலை விட இது ஜாஸ்தி, அதனால தண்ணி வராது. நல்ல ஐடியா தான். ஆனா கிரீஸ் கன்னை வெச்சு கை ஓயற வரைக்கும் பம்ப் பண்ணி பின்னாடி இருக்கற சீலையே பிதுக்கி விடறவங்க நெறைய பேர். அதை மாட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறதும் தப்பு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழட்டித்தான் பாக்கணும்.

கழட்டினா பழைய கிரீஸை சுத்தமா கழுவிடுங்க, ரெண்டு வகை கிரீஸ் கலந்தா சில சமயம் தண்ணியா இளகிடும். உள்ளங்கையில கிரீஸ் வெச்சு பேரிங்கோட அகலமான பக்கத்தை அதுல அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வர்ற வரைக்கும் ஏத்தணும். குழி விழுந்திருந்தா கோனோட கப்பையும் சேத்தே மாத்துங்க. சீல் எப்பவும் புதுசு. நட்டை சக்கரத்தை சுத்திக்கிட்டே இறுக்கி, அப்புறம் தளர்த்தி, விரலால இறுகற அளவுக்கு விட்டு, நட்டு கழண்டு வராம இருக்க காட்டர் பின் போடணும், ஒரு நூலளவு ஆட்டம் இருக்கறது தப்பில்ல, இறுக்கமா இருக்கறது தான் ஆபத்து.

வழியில டீ குடிக்க நிறுத்தறப்போ ஹப்பைத் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னா ஓகே, கை வெக்க முடியலைன்னா மேல ஓட்டாதீங்க. தண்ணிகிட்ட போனதும் உடனே இறக்காம, கயிறு அவுக்கறது, சாமான் ஏத்தறதுன்னு இருக்கற வேலையெல்லாம் முதல்ல முடிங்க, அதுக்குள்ள ஹப் ஆறிடும்.