மானிட்டர் வாங்கும்போது கறுப்பைப் பாருங்கள்

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வரிசையாக எரியும் மானிட்டர்களைப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். கடை விளக்கும் பளிச்சென்று இருக்கும், திரையின் வெளிச்சமும் உச்சத்தில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் தெரியாமல் போவது கறுப்பு. பேனலுக்குப் பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகட்டுக்குத் தகடு, பெரிய வித்தியாசமே அதில்தான்.

எல்சிடி திரை தானாக ஒளிராது. பின்னால் ஓர் எல்இடி விளக்கு ஓயாமல் எரிகிறது. முன்னால் இரண்டு முனைவாக்கத் தாள்கள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை), ஒன்றுக்கொன்று செங்குத்தாக. முதல் தாளைத் தாண்டும் ஒளியை இரண்டாவது தடுத்துவிடும். நடுவில் உள்ள திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிட்டால்தான் வெளிச்சம் வெளியே வரும். போலராய்டு குளிர்கண்ணாடி இருந்தால் அதைத் திரைமுன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இந்தப் படிகத்தை 1888இல் முதலில் கவனித்த ரைனிட்சர் ஒரு தாவரவியலாளர் என்பது வேடிக்கை.

படிகங்கள் எப்படி நிற்கின்றன என்பதே பேனலின் குணம். அதை வைத்து எல்சிடியில் டிஎன், ஐபிஎஸ், விஏ என்று மூன்று வகை. டிஎன் பேனலில் அவை 90 பாகை முறுக்கிக் கிடக்கும். விலை குறைவு, வேகம் அதிகம். சற்றுப் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்தாலே நிறம் மாறிவிடும். ஐபிஎஸ் பேனலில் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே சுழலும், அதனால் எந்தப் பக்கமிருந்தும் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒளி கொஞ்சம் கசியும்: வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000:1. விஏ பேனலில் செங்குத்தாக நின்று ஒளியை நன்றாக அடைக்கும், 3000:1 வரும். இருட்டுக் காட்சி வேகமாக நகர்ந்தால் மட்டும் இழுவைத் தடம் தெரியும்.

சரி, அப்படியானால் விஏதானே மேல்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு நிட். வெள்ளை 250 நிட் என்றால் ஐபிஎஸ் கறுப்பு 0.25 நிட், விஏ கறுப்பு 0.08 நிட். பால்கனிக் கதவு திறந்திருக்கிறது, திரையில் அறையின் வெளிச்சம் 1 நிட் பட்டுத் திரும்புகிறது என்று வையுங்கள். அந்த ஒரு நிட் எல்லாவற்றோடும் கூடும். ஐபிஎஸ் விகிதம் 200, விஏ 230! மூன்று மடங்கு வித்தியாசம் காணாமல் போய்விட்டது. பகலில் வேலை பார்ப்பவருக்கு ஐபிஎஸ் போதும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவர் விஏக்குப் பணம் கொடுக்கலாம்.

எல்சிடி அல்லாத இன்னொரு வகை ஓஎல்இடி. அதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும், அதனால் கறுப்பு அசல் கறுப்பு. விலையை விடுங்கள், நாள் முழுக்க அசையாமல் நிற்கும் எக்செல் பட்டைகள் அதில் தடம் பதிக்கக்கூடும். அலுவலக வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேனல் முடிவானதும் அளவைப் பாருங்கள். 27 அங்குலத் திரையில் 1920×1080 என்றால் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான். 2560×1440 என்றால் 109. ஆங்கிலம் மட்டும் படிப்பவர் 82ஐ எப்படியோ சமாளித்துவிடுவார். நம் எழுத்தில் 'ணை'யின் சுழிகள் சின்ன அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடைக்காரரிடம் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.