பி.எஃப். பென்ஷன்: பத்து வருஷ சர்வீஸைப் பறிகொடுக்காதீர்கள்

முதலாளி போடும் பி.எஃப். பங்கிலிருந்து, நம் சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கு, அதாவது அதிகபட்சம் மாதம் 1,250 ரூபாய். பத்து வருஷ சர்வீஸும் 58 வயதும் இருந்தால் ஆயுள் முழுக்கப் பென்ஷன். 1995 நவம்பர் 16 முதல் இருக்கும் இந்தத் திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ஆட்கள் ஏமாறுவது அந்தப் பத்து வருஷத்தில்தான்.

வேலையை விட்டதும் பிரவுசிங் சென்டரில் போய் "இருக்கிற பணத்தை எல்லாம் எடுத்துக் கொடுங்க" என்கிறோம். அங்கே இருப்பவர் படிவம் 19-உடன் 10சி-யையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார். 19 என்பது பி.எஃப். பணம். 10சி-யில் பணமாகக் கேட்டால் போவது பென்ஷன் சர்வீஸ். ஒரு மில்லில் ஏழு வருஷம், அடுத்ததில் எட்டு வருஷம் வேலை பார்த்தவருக்கு மொத்தம் பதினைந்து. நடுவில் 10சி போட்டுப் பணம் வாங்கியிருந்தால் முதல் ஏழும் அழிந்தது. மிஞ்சிய எட்டுக்குப் பென்ஷன் இல்லை. பணம் கையில் வந்த பிறகு இதைத் திருத்த வழியில்லை. ஆகவே படிவம் 19 மட்டும் போடுங்கள். 10சி போட்டே ஆகவேண்டுமென்றால் அதிலேயே பணத்துக்குப் பதில் ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ (உங்கள் சர்வீஸுக்கான சான்றிதழ்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். சர்வீஸ் பத்திரமாக இருக்கும்.

ஒன்பதரை வருஷம் இருந்தாலே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வருஷம் நாலு மாதத்தில் வேலையை விட நினைப்பவர் இன்னும் இரண்டு மாதம் பொறுப்பது நல்லது. ஆனால் சம்பளமில்லா விடுப்பு நாட்கள் இதில் கழியும். பி.எஃப். இணையதளத்தின் ‘சர்வீஸ் ஹிஸ்டரி’யில் ‘என்.சி.பி. டேஸ்’ (பங்கு கட்டாத நாட்கள்) என்று அந்த எண் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வரும்? கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய், பத்து வருஷம் என்றால் 2,143 ரூபாய். ஐம்பது வயதிலேயே கேட்கலாம், ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள். 58 ஆனாலும் அந்தக் குறைப்பு நீங்காது.

அடுத்தது ஆவணம். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இங்கேதான். ஆதாரில் ‘செல்வி முருகன்’, பி.எஃப்.-பில் ‘மு. செல்வி’. நமக்கு இரண்டும் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். இனிஷியல், பிறந்த தேதி, வேலையை விட்ட தேதி மூன்றையும் இன்றே சரிபாருங்கள். கம்பெனி திறந்திருக்கும்போதே ‘ஜாயின்ட் டிக்ளரேஷன்’ (நீங்களும் கம்பெனியும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம்) கொடுத்துத் திருத்திவிடுங்கள். மூடிப்போன கம்பெனி என்றால் ஒரு எழுத்தைத் திருத்தவே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். விட்ட தேதியைக் கம்பெனி பதியாவிட்டால், கடைசிப் பிடித்தம் வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். அந்தத் தேதி, அடுத்த கம்பெனியில் சேர்ந்த தேதிக்கு ஒரு நாளாவது முந்தி இருக்கட்டும்.

இரண்டு யு.ஏ.என். (ஊழியருக்கு பி.எஃப். தரும் நிரந்தர எண்) இருந்தால் பழையதில் உள்ள கணக்கைப் புதியதற்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு பி.எஃப். பாஸ்புக்கின் பென்ஷன் கட்டத்தில் பூஜ்யம் காட்டும்; பயப்பட வேண்டாம். பென்ஷனுக்குப் பணம் நகர்வதில்லை, சர்வீஸ்தான் சேர்கிறது.

பென்ஷன் கேட்கும் படிவம் 10டி. "கம்பெனியில் கேளுங்க" என்று பி.எஃப். ஆபீசும், "ஆபீசில் கேளுங்க" என்று கம்பெனியும் விரட்டினால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். முழுமையான விண்ணப்பத்தை 20 நாளில் முடிக்க வேண்டும், காரணமில்லாமல் தாமதித்தால் 12 சதவீத வட்டியை பி.எஃப். ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம் என்று திட்டத்தின் 17ஏ பிரிவு சொல்கிறது. புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டத்தில் பி.எஃப். குறைதீர் முகாம் உண்டு. ஒப்புகைச் சீட்டோடு போங்கள்.

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் இந்தப் பத்து வருஷக் கணக்கே கிடையாது. ஒரு மாதப் பங்கு கட்டியிருந்தாலும் மனைவிக்கோ கணவருக்கோ பென்ஷன் உண்டு, 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவருக்கும் உண்டு. "சர்வீஸ் பத்தாதும்மா" என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். அதற்கும் 10டி-தான்.

பென்ஷன் வர ஆரம்பித்த பிறகு வருஷத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று தர வேண்டும். நவம்பர்தான் என்றில்லை, எந்த மாதமும் தரலாம். கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். கொடுத்த தேதியை வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.