திரும்பச் சூடு பண்ணினால் சரியாகிவிடாது, தம்பி

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 4.30 மணி. ஏற்காட்டில் டெண்ட் போட்டுத் தங்கப் போன ஆறு பையன்களில் ஐந்து பேர் எங்கள் வார்டில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஆளுக்கொரு டிரிப், ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி. இந்த சீசனில் இது நான்காவது கோஷ்டி. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் முன்பே எனக்குப் பதில் தெரியும். பிரியாணி. சனிக்கிழமை காலை 11 மணிக்கு சேலத்தில் பார்சல் வாங்கிக் கார் டிக்கியில் போட்டிருக்கிறார்கள். வழியில் தட்டுவடை செட், ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் செல்ஃபி எல்லாம் முடித்து, ராத்திரி 9 மணிக்கு அடுப்பில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். 11.30க்கு முதல் வாந்தி.

"ஆவி பறக்கச் சூடு பண்ணித்தான் டாக்டர் சாப்பிட்டோம். வாசனைகூட நல்லாத்தான் இருந்துச்சு."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் ஒரே ஒரு முறை விலாவாரியாகச் சொல்லிவிடுகிறேன். அரிசியோடு பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி வயலிலிருந்தே வருகிறது. சோறு கொதிக்கும்போது கிருமி சாகும், அதன் விதை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் விதை முளைத்துப் பெருகி, சோற்றிலேயே நஞ்சைக் கக்கி வைக்கும். ராத்திரி நீங்கள் சூடு பண்ணும்போது கிருமி சாகலாம். நஞ்சு அப்படியே இருக்கும். பிரஷர் குக்கரில் ஏற்றினாலும் இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, ருசியும் மாறாது. ஊசிப்போன வாடை வந்தால்தான் சோறு கெட்டது என்று நினைக்கிறோமே, அந்த வாடையைக் கிளப்புவது வேறு கிருமிகள். ஆக, முகர்ந்து பார்ப்பது ஒரு பரிசோதனையே இல்லை. திரும்பச் சூடு பண்ணுவது ஒரு பரிகாரமும் இல்லை.

'ஹாட்பேக்கில் வைத்தோமே' என்பார்கள். வைத்து 2, 3 மணி நேரத்தில் சாப்பிட்டால் சரி. அதற்குமேல் போனால் அதுதான் வினை. 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்கும்வரை கிருமி அடங்கிக் கிடக்கும். அதற்குக் கீழே இறங்கியதும், சோறு சீக்கிரம் ஆறிவிடாமல் மணிக்கணக்கில் இளஞ்சூட்டிலேயே வைத்துக் காப்பாற்றிக் கொடுப்பது அதே ஹாட்பேக். 'மலை குளிராச்சே' என்று இன்னொரு சமாதானம். குளிர் உங்களுக்கு, டிக்கிக்குள் இருந்த பார்சலுக்கு இல்லை. அது பாதிப் பகலைப் பொன்னுருகக் காயும் புரட்டாசி வெயிலில் கழித்துவிட்டுத்தான் மலையேறியது.

ஆறாவது பையன் கதை கேளுங்கள். புரட்டாசி சனி, கவுச்சி கூடாது என்று அவனுடைய அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். எப்படிக் கட்டினார் என்று கேட்டேன். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, விசிறியடியில் முழுசாக ஆறவைத்து, கையால் தொடாமல் கரண்டியால் கலந்து, வாட்டிய இலையில் கட்டினாராம். நல்ல புளிப்பில் இந்தக் கிருமி தலையெடுப்பது கஷ்டம். ஆறவைத்ததால் மூட்டைக்குள் ஆவி வேர்க்கவில்லை. அவன் அதை மத்தியானமே தின்று முடித்துவிட்டு, ராத்திரிக்கு பிரெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டிருக்கிறான். ஐந்து பேரையும் வண்டியில் போட்டு இறக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

எனவே, தயவுசெய்து, என்ன பிடிக்கும் என்று யோசித்து மூட்டை கட்டாதீர்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடுவோம் என்று யோசித்துக் கட்டுங்கள். கட்டிக்கொண்டு போகும் சோறு முதல் நாள் மத்தியானத்தோடு முடிய வேண்டும். ராத்திரிக்கு அங்கேயே சமையுங்கள். அரிசியும் பருப்பும் சாதத்துக்கு வேண்டியதைப் பொட்டலமாக அளந்து எடுத்துப் போனால் அரை மணி நேர வேலை. சின்ன குக்கர் கட்டாயம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. மறுநாள் காலைக்கு வறுத்த ரவை, சேமியா, அவல். முட்டையைப் பச்சையாகக் கொண்டுபோய் அங்கே அவியுங்கள்.

மசாலா தடவிய கோழியைச் சேலத்திலிருந்து கவரில் தூக்கிப் போகாதீர்கள். ஏற்காட்டிலேயே சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் சுடும்போது வெளியே கருகியிருக்கும், எலும்போரம் பச்சையாக இருக்கும். பிய்த்துப் பாருங்கள். பச்சைக் கறியைப் புரட்டிய இடுக்கியால் வெந்ததை எடுத்துத் தட்டில் வைக்கிற கெட்டிக்காரர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

ஓடுகிற தண்ணீர் சுத்தம் என்று யார் சொன்னது? கிளியூர் அருவியில் கொட்டுவது ஏற்காடு ஏரியின் உபரி நீர். நீங்கள் மத்தியானம் படகு விட்டீர்களே, அதே ஏரி. தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆன தண்ணீரைக் குடியுங்கள்.

ராத்திரி வாந்தி வந்துவிட்டால்? உப்புக்கரைசல் பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மடக் மடக்கென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 'நல்ல ஆன்டிபயாடிக்கா எழுதுங்க' என்று கேட்கும் அப்பாக்களுக்கு: சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வரும் இந்த வாந்தி, சோற்றில் ஏற்கெனவே தயாராக இருந்த நஞ்சால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. சிறுநீர் நின்றுபோனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுத்தவன் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, இல்லாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஐந்து பேரும் திங்கட்கிழமை வீட்டுக்குக் கிளம்பினார்கள். டிக்கியில் இன்னும் ஒரு பார்சல் மிச்சம் இருக்கிறது, சூடு பண்ணி நாய்க்கு வைக்கலாமா என்று அதில் ஒருவன் கேட்டான்.