ஆவல் எங்கே பிறக்கிறது: கூடைப்பந்தும் ஊடக வெளிச்சமும்

1980 மே 16, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.யில், நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்கே கோப்பை என்ற இறுதிச் சுற்றில், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முன்னணியில் இருந்தது. ஆனால் அந்த அணியின் தூணாக விளங்கிய கரீம் அப்துல்-ஜப்பாருக்கு ஐந்தாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகிவிட்டதால், ஆறாவது ஆட்டம் நடந்த பிலடெல்பியாவுக்கு அவர் வரவே இல்லை. கூடைக்கு அருகில் நின்று ஆடும் அவருடைய ‘சென்டர்’ இடத்தில், அதுவரை பந்தைக் கொண்டுசென்று பிறருக்குக் கொடுக்கும் வேலையைச் செய்துவந்த இருபது வயது அறிமுக வீரர் மேஜிக் ஜான்சன் நின்றார். அன்றிரவு அவர் 42 புள்ளிகள் எடுத்தார்; கூடையில் விழாமல் திரும்பிய பந்தை 15 முறை கைப்பற்றினார் (இதை ‘ரீபவுண்டு’ என்பார்கள்). லேக்கர்ஸ் 123-107 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது.

கூடைப்பந்து வரலாற்றில் இன்றும் பேசப்படும் இந்த ஆட்டத்தை அமெரிக்கர்களில் பெரும்பாலோர் நேரலையில் பார்க்கவில்லை. மே மாதம் தொலைக்காட்சி நிலையங்களின் பார்வையாளர் எண்ணிக்கை கணக்கெடுக்கப்படும் மாதம் என்பதாலும், விளம்பரக் கட்டணம் அந்தக் கணக்கைப் பொறுத்தது என்பதாலும், வெள்ளி இரவின் முதன்மை நேரத்தைத் தொடர்நாடகங்களுக்கு விட்டுவிட்டு, சி.பி.எஸ். நிறுவனத்தின் பெரும்பாலான நிலையங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்து 11.30 மணிக்கு மேல் ஒளிபரப்பின. அதற்குள் வானொலியும் இரவுச் செய்திகளும் யார் வென்றார்கள் என்று சொல்லிவிட்டிருந்தன. ஒளிபரப்பில் ஒரு காட்சிகூடக் குறையவில்லை. மறுநாள் நாளிதழ்களிலும் செய்தி வந்தது. குறைந்துபோனது ஒன்றே ஒன்றுதான்: ‘என்ன ஆகுமோ’ என்ற கேள்வி.

ஊடகம் ரசிகரின் ஆர்வத்தை எப்படி உருவாக்குகிறது என்பதற்கான விடை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. விளையாட்டைக் காட்டுவது ஊடகத்தின் வேலையில் பாதிகூட இல்லை. எதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதே அதன் முக்கிய வேலை. இதே மேஜிக் ஜான்சன் அதற்கு ஏறத்தாழ 14 மாதங்களுக்கு முன், 1979 மார்ச் 26 அன்று, கல்லூரி அணிகளின் இறுதி ஆட்டத்தில் லாரி பேர்டை எதிர்கொண்டபோது, அமெரிக்காவில் தொலைக்காட்சி உள்ள வீடுகளில் 24.1 சதவீதம் அதைப் பார்த்தன. கூடைப்பந்து ஆட்டம் எதுவும் அந்த அளவை இன்றுவரை தாண்டவில்லை. அந்த ஆட்டம் விறுவிறுப்பானது என்றுகூடச் சொல்ல முடியாது. மேஜிக்கின் மிச்சிகன் ஸ்டேட் அணி 75-64 என்று வசதியாகவே வென்றது. ஆனால் பேர்டின் இந்தியானா ஸ்டேட் அணி அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை என்பதும், கலகலப்பான மேஜிக்கும் அதிகம் பேசாத பேர்டும் மோதப்போகிறார்கள் என்பதும் பல வாரங்களாகச் செய்தியாகியிருந்தன. மக்கள் கேள்வியோடு உட்கார்ந்தார்கள்.

தொடர்பியல் அறிஞர்கள் இந்த வேலையின் முதல் படியை நிரல் அமைத்தல் என்கிறார்கள். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகர வாக்காளர்களிடம் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் நடத்தி 1972-இல் வெளியிட்ட ஆய்வில், ஊடகங்கள் எந்தப் பிரச்சினைகளுக்கு அதிக இடம் கொடுத்தனவோ அவற்றையே வாக்காளர்களும் முக்கியமானவை என்று கருதியது தெரிந்தது. அரசியலில் ஒருவருக்குச் சொந்த அனுபவமாவது கொஞ்சம் இருக்கும். விலைவாசியைச் செய்தித்தாள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணியும் 82 ஆட்டங்கள் ஆடும் முப்பது அணிகளின் சங்கத்தில், எந்த ஆட்டம் பார்க்கத் தகுந்தது என்று ரசிகர் தாமாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை. முதல் பக்கத்தில் வந்ததும் விவாத நிகழ்ச்சிகளில் அடிபட்டதும் அவருக்கு முக்கியமாகிவிடுகின்றன. மற்றவை வெறும் எண்களாகக் கடந்துபோகின்றன.

அடுத்த படி வர்ணனை. வர்ணனையாளர் நடப்பதைச் சொல்பவர் மட்டுமே என்று நாம் நினைக்கிறோம். நடப்பதை நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் அவர்தான் தீர்மானிக்கிறார். 1977-இல் போல் காமிஸ்கி, ஜெனிங்ஸ் பிரையண்ட், டால்ஃப் சில்மன் ஆகியோர் பனி ஹாக்கி ஆட்டத்திலிருந்து இரண்டு பகுதிகளை எடுத்தார்கள். ஒன்றில் முரட்டு மோதல்கள் இருந்தன, ஆனால் வர்ணனை அவற்றைப் பெரிதாகச் சொல்லவில்லை. மற்றொன்று சாதாரண ஆட்டம், ஆனால் வர்ணனையாளர்கள் அது கடுமையான மோதல் என்று வலியுறுத்திக்கொண்டே இருந்தார்கள். ஒலியோடு பார்த்தவர்களுக்குச் சாதாரண ஆட்டமே முரட்டுத்தனம் மிகுந்ததாகத் தோன்றியது. கண்முன் ஓடும் காட்சியையே சொல் இப்படி மாற்றிக் காட்டுமென்றால், வாரக்கணக்கில் நீளும் ஒரு பருவத்தின் கதையை அது எவ்வளவு மாற்றக்கூடும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, ஆட்களைப் பற்றியது. திரையில் அடிக்கடி காணும் ஒருவரோடு நமக்கு ஒருவகை நெருக்கம் உண்டாகிவிடுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது என்பது தெரிந்தும் அவர் வெற்றியில் நாம் மகிழ்கிறோம். 1956-இலேயே டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் விவரித்த இந்த ஒருதலை நட்பு கூடைப்பந்தில் மிக எளிதாக வேர் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு அணிக்குக் களத்தில் ஐந்தே பேர். தலைக்கவசமோ முகமூடியோ இல்லை. கேமரா முகத்துக்கு அருகில் செல்ல முடிகிறது. நட்சத்திர வீரர் ஆட்டத்தின் பெரும்பகுதி களத்திலேயே இருக்கிறார். 1984-இல் என்.பி.ஏ.யின் ஆணையரான டேவிட் ஸ்டெர்ன் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவர் காலத்தில் விளம்பரங்கள் அணிகளை விட வீரர்களையே முன்னிறுத்தின.

அந்த வழியின் உச்சம் சிகாகோ புல்ஸ் அணியின் மைக்கேல் ஜோர்டன். 1998 இறுதிச் சுற்றின் ஒவ்வொரு ஆட்டத்தையும் அமெரிக்காவில் சராசரியாக சுமார் 2.9 கோடி பேர் பார்த்தார்கள். கடைசி ஆட்டத்தை 3.59 கோடி பேர். மறு ஆண்டு, ஜோர்டன் ஓய்வு பெற்ற பிறகு, அந்தச் சராசரி சுமார் 1.6 கோடியாக விழுந்தது. ஊதியத் தகராறால் அந்தப் பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கூடையின் உயரமும் விதிகளும் அப்படியேதான் இருந்தன. ‘இவர் இன்னும் எத்தனை முறை வெல்வார்’ என்று பல ஆண்டுகளாக ஊடகம் வளர்த்த கேள்விதான் திடீரென்று இல்லாமல் போயிற்று.

இங்கே கோழியா முட்டையா என்ற சந்தேகம் நியாயமாகவே எழும். மக்கள் விரும்பியதால் ஊடகம் காட்டியதா, ஊடகம் காட்டியதால் மக்கள் விரும்பினார்களா? இரண்டும் ஒன்றையொன்று உருட்டிக்கொண்டே போகின்றன என்பதே உண்மை. நாடு முழுதும் ஒளிபரப்பாகும் ஆட்டங்களுக்கு ஏற்கெனவே புகழ்பெற்ற அணிகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன; அதனால் அவற்றின் புகழ் மேலும் கூடுகிறது; புகழ் குறைந்த அணிகள் நன்றாக ஆடினாலும் வெளியூர்க் கண்களுக்கு எட்டுவதில்லை. ஆனால் நட்சத்திரம் ஒருவரின் வெளிச்சம் அவருடைய அணியோடு நிற்பதில்லை. பொருளியலாளர்கள் ஜெர்ரி ஹவுஸ்மனும் கிரெகரி லெனர்டும் 1997-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஜோர்டனால் மற்ற அணிகளுக்குக் கிடைத்த பயன் சுமார் 5.3 கோடி டாலர். அவர் தங்கள் ஊருக்கு ஆட வந்த நாளில் விற்ற நுழைவுச்சீட்டுகளும் அவரை எதிர்த்து ஆடியபோது திரண்ட தொலைக்காட்சிப் பார்வையாளர்களும் அதில் அடக்கம்.

சீனாவிலும் இதுதான் நடந்தது. 2002-இல் யாவ் மிங் ஹூஸ்டன் அணியில் சேர்ந்தபின், ‘நம்மவர் இன்று எப்படி ஆடினார்’ என்ற ஒரே கேள்வி ஒரு நாட்டையே தொலைக்காட்சி முன் உட்காரவைத்தது. ரசிகர்களின் வாக்குகளால் நட்சத்திர வீரர்கள் தேர்ந்தெடுக்கப்படும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு 2005-இல் அவருக்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன.

ஊடகத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை அது இல்லாத இடத்தில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். பெண்கள் கூடைப்பந்து பல ஆண்டுகள் அப்படிப்பட்ட இடமாக இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் தொலைக்காட்சிகளின் விளையாட்டுச் செய்திகளை 1989 முதல் சீரான இடைவெளியில் அளந்துவரும் ஆய்வாளர்கள், 2019-இலும் பெண்கள் விளையாட்டுக்குக் கிடைத்த நேரம் சுமார் 5 சதவீதம்தான் என்று கண்டார்கள். நேரம் மட்டுமல்ல, குரலும் சப்பென்று இருந்தது என்பதை அவர்கள் குறித்திருக்கிறார்கள்: ஆண்களின் ஆட்டத்துக்குக் கிடைத்த வியப்பும் நகைச்சுவையும் பெண்களின் ஆட்டத்தைச் சொல்லும்போது காணாமல் போயின. இவ்வளவுக்கும் பிறகு ‘யாரும் பார்ப்பதில்லை, அதனால் காட்டுவதில்லை’ என்று சொல்லப்பட்டுவந்தது எனக்கு நேர்மையான வாதமாகத் தோன்றவில்லை.

2024-இல் அந்த வாதம் உடைந்தது. அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் கல்லூரிச் சாதனைகளை ஒவ்வொன்றாகத் தகர்த்துவந்ததை ஊடகங்கள் நாள்தோறும் பின்தொடர்ந்தன. ஏப்ரலில் பெண்கள் இறுதி ஆட்டத்தைச் சுமார் 1.89 கோடி பேர் பார்த்தார்கள். ஆண்களின் இறுதி ஆட்டத்தை 1.48 கோடி பேர். அயோவா அதில் தோற்றது, ஆனால் ஆவல் தணியவில்லை. அவர் இந்தியானா ஃபீவர் அணிக்காகத் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கியதும், அந்த அணி வாஷிங்டனுக்கு ஆட வந்தபோது, சுமார் 4,200 பேர் மட்டுமே உட்காரக்கூடிய தன் அரங்கை வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணி விட்டுவிட்டு நகரின் பெரிய அரங்குக்கு ஆட்டத்தை மாற்றிக்கொண்டது. செப்டம்பர் 19 அன்று அங்கே 20,711 பேர் கூடினார்கள். மிஸ்டிக்ஸ் அந்தப் பருவம் சிறப்பாக ஆடிய அணி அல்ல. கூட்டம் வந்ததற்கு எதிரணியில் இருந்த ஒருவர்தான் காரணம்.

ஊடகம் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டதால் இந்த இயக்கத்தில் ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. தன் ஆட்டத் துணுக்குகளைச் சமூக ஊடகங்களில் பகிர்வதை என்.பி.ஏ. தடுக்காமல் ஊக்குவித்தது, இப்போதைய ஆணையர் ஆடம் சில்வர் அவற்றை நொறுக்குத்தீனிக்கும் முழு ஆட்டத்தைச் சாப்பாட்டுக்கும் ஒப்பிட்டு, நொறுக்கு தின்றவர் சாப்பாட்டுக்கும் வருவார் என்று நம்பிக்கை தெரிவித்தார். 2025-26 பருவம் தொடங்கி 11 ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு நிறுவனங்கள் சுமார் 7,600 கோடி டாலர் தர முன்வந்திருப்பதைப் பார்த்தால், வணிகக் கணக்கில் அவர் தோற்கவில்லை. ஆனால் துணுக்கு என்பது கேள்வி கேட்கப்படாமலே கிடைக்கும் விடை.

2019 மே 12 அன்று டொரண்டோ, பிலடெல்பியா அணிகளின் தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டம் 90-90 என்று சமமாக நின்றபோது, டொரண்டோவின் கவாய் லெனர்ட் வலது மூலையிலிருந்து எறிந்த பந்து, நேரம் முடிந்த ஒலிக்குப் பின் கூடை வளையத்தின்மேல் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. துணுக்காகப் பார்ப்பவருக்கு அது சில நொடிகளில் முடியும் விந்தை. விரல் அடுத்ததற்கு நகர்ந்துவிடும். 2001-இல் இதே இரு அணிகள், இதே போன்ற ஏழாவது ஆட்டத்தில் மோதியதையும், டொரண்டோவின் வின்ஸ் கார்ட்டர் கடைசியாக எறிந்த பந்து தவறியதையும், ஒரே புள்ளியில் அந்த அணி வெளியேறியதையும் பதினெட்டு ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் வந்தவருக்கோ, ஒவ்வொரு துள்ளலுக்கும் இடையில் மூச்சு நின்று போயிருக்கும்.